உரும்பிராயில் இரண்டரைப் பரப்புக் காணியில் புதிய வீடு: அறை அமைப்பும் செலவுக் கணக்கும் குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி – செம்மண்காணி

அனைவருக்கும் வணக்கம். உரும்பிராயில், பலாலி வீதியிலிருந்து கிழக்கே இறங்கும் ஓர் ஒழுங்கையில், அம்மா எனக்கு எழுதித் தந்த இரண்டரைப் பரப்புக் காணியில் வீடு கட்ட எண்ணியுள்ளோம். காணியின் கிழக்கு எல்லையில் ஒழுங்கை இருக்கிறது. ஒழுங்கைப் பக்க அகலம் 62 அடி, உள்நீளம் 110 அடி. வடக்கு எல்லையோரமாக, ஒழுங்கையிலிருந்து ஏறத்தாழ 25 அடி உள்ளே, சித்தி வீட்டாருக்கும் எங்களுக்கும் பொதுவான நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளது. மேற்குப் பக்கத்து வளவுக்காரரின் கிணறும் எமது எல்லைக்கு அப்பால் 15 அடி தூரத்தில், தென்மேற்கு மூலையை அண்டியே இருக்கிறது.

வீட்டில் நிரந்தரமாக வாழப்போகிறவர்கள் ஐந்து பேர்: நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், முழங்கால் வருத்தத்தால் படி ஏறச் சிரமப்படும் 71 வயது அம்மா. கனடாவில் இருக்கும் அண்ணா குடும்பம் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி இடைக்கிடை வந்து நிற்கும்.

படம் கீறுபவர் தந்த வரைபடத்தில் மொத்தம் 1,650 சதுர அடி இருக்கிறது. 20க்கு 8 விறாந்தை, 18க்கு 16 ஹோல், தனியே 12க்கு 12 சாப்பாட்டறை, தென்கிழக்கு மூலையில் 12க்கு 10 குசினி, 6க்கு 6 சாமியறை, நான்கு படுக்கையறைகள் (14க்கு 12 ஒன்று, 12க்கு 12 இரண்டு, 12க்கு 10 ஒன்று), இரண்டு அறைகளுக்கு இணைந்த குளியலறைகள், பொதுக் குளியலறை ஒன்று என்பன அதில் அடங்கும். மலக்குழியைக் காணியின் தென்மேற்கு மூலையில் குறித்திருக்கிறார். சாத்திரியாரைக் கொண்டு நிலையம் (வீடு அமையவேண்டிய இடமும் திசையும்) எடுத்தாகிவிட்டது. குசினி அக்கினி மூலையிலும் பெரிய படுக்கையறை தென்மேற்கிலும் வரவேண்டும் என்பதும், குளியலறைகள் வடமேற்குப் பக்கமாக அமைவது நல்லது என்பதும் அவர் சொன்னவை. அம்மா இதில் உறுதியாக இருக்கிறார். அவருடைய மனம் நோகாமல் கட்டவே நானும் விரும்புகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, எங்கள் சேமிப்பும் கணவரின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்கென எடுக்கக்கூடிய 30 சதவீதமும் சேர்ந்து 90 இலட்சம் வரும். வங்கிக் கடன் 50 இலட்சம் எடுக்கலாம். அண்ணா 30 இலட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக மொத்தம் 1 கோடி 70 இலட்சம் ரூபா. நாங்கள் விசாரித்த ஒப்பந்தகாரர் சதுர அடிக்கு 12,000 ரூபா கேட்கிறார். அதன்படி வீட்டுக்கு மட்டுமே 1 கோடி 98 இலட்சம் போகிறது. மதில், மின்னிணைப்பு, தண்ணீர்த் தாங்கி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

அண்ணாவுக்கு மேல்மாடி கட்டவேண்டும் என்ற விருப்பம். இப்போது முடியாவிட்டாலும் பின்னாளில் எழுப்பக்கூடியவாறு கொங்கிறீற் கூரை போட்டு, தூண் கம்பிகளை மேலே விட்டுவைக்கச் சொல்கிறார். எனக்கோ ஓட்டுக் கூரையில்தான் விருப்பம். எதைக் குறைப்பது, எதைப் பிற்போடுவது, எதில் கைவைக்கவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1 – ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுன்னாகம்

வணக்கம் தங்கச்சி. விபரங்களைத் தெளிவாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது இலகுவாக இருக்கிறது. முதலில் பணத்தைப் பார்ப்போம்.

உங்களிடம் உள்ள 1 கோடி 70 இலட்சத்தை முழுவதுமாக வீட்டுக்குரிய பணமாகக் கணக்கிட வேண்டாம். பத்தில் ஒரு பங்களவை எதிர்பாராத செலவுக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கி, அதை ஒப்பந்தகாரருக்கும் படம் கீறுபவருக்கும் சொல்லாமல் வைத்திருங்கள். இந்த நாட்டில் இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை அன்று. 2021 இல் ஆயிரம் ரூபாவளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை அடுத்த ஆண்டிலேயே மூவாயிரம் வரை ஏறியதையும், பாதி எழும்பிய சுவர்களோடு எத்தனையோ வீடுகள் மழையில் நனைந்து நின்றதையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 2024 தை முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகியிருக்கிறது. ஒப்பந்தகாரர் சொல்லும் விலை வரியோடு சேர்ந்ததா, வரி இல்லாததா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர் முடிந்த பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. 550 சதுர அடி வீட்டுக்கான பணம் அது. அந்த அளவுக்குள் நின்றவர்கள் கூரையைப் போட்டுக் குடிபுகுந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தால் இடம் போதாது என்ற நியாயமான எண்ணத்தோடு அத்திவாரத்தை விரித்தவர்களில் பலர், தாலிக்கொடியை அடகு வைத்தும் பூச்சு வேலைக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அத்திவாரத்தின் சுற்றளவு தீர்மானிக்கப்படும் நாளிலேயே சுவர், கூரை, ரைல்ஸ், வர்ணம் எல்லாவற்றின் செலவும் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. ஆகவே சிக்கனம் செய்யவேண்டிய இடம் வரைபடம். மலிவான சீமெந்திலும் மெல்லிய கம்பியிலும் சிக்கனம் தேடுவது பின்னர் இருமடங்கு செலவைக் கொண்டுவரும்.

உங்கள் வரைபடத்தில் நான் கைவைக்கக்கூடிய இடங்கள் இவை. நான்காவது படுக்கையறையை விட்டுவிடுங்கள். ஆண்டில் சில வாரங்கள் வந்து நிற்பவர்களுக்காக 120 சதுர அடியை நிரந்தரமாகப் பூட்டிவைப்பதற்கு, அதற்குரிய சுவர்களையும் நடையையும் சேர்த்தால், இன்றைய விலையில் 15 இலட்சத்துக்கு மேல் செலவாகும். ஹோலையும் சாப்பாட்டறையையும் பிரிக்கும் சுவரை எடுத்து 22க்கு 14 ஆக ஒரே இடமாக்கினால், 432 சதுர அடி 308 ஆகக் குறையும். இருக்கும்போது இடம் பெரிதாகவே தெரியும். இணைந்த குளியலறை அம்மாவின் அறைக்கு மட்டும் இருக்கட்டும். பெரிய படுக்கையறைக்கு 12க்கு 12 போதும், பிள்ளைகளின் அறைகளில் ஒன்று 12க்கு 10 ஆகலாம். விறாந்தையையும் சாமியறையையும் தொட வேண்டாம். நான்காவது அறைக்காகப் போட்ட நடையும் இல்லாமல் போவதால், சுவர்த் தடிப்பையும் சேர்த்து 1,250 சதுர அடியளவில் வந்து நிற்பீர்கள். 12,000 ரூபாப்படி அது 1 கோடி 50 இலட்சம். மிச்சம் 20 இலட்சத்தில் எதிர்பாராத செலவுக்கு 15 இலட்சத்தை வைத்துக்கொண்டு, 5 இலட்சத்தை அனுமதிக் கட்டணம், மின்னிணைப்பு, தண்ணீர்த் தாங்கி, மோட்டர் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

மதிலைப் பற்றிக் கேட்டால், இப்போது வேண்டாம் என்பேன். இருக்கிற கிளுவை வேலியை அடைத்துக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் இருக்கலாம். 340 அடிக்கும் மேற்பட்ட சுற்றளவுக்குக் கல்மதில் எழுப்பும் பணம் ஒரு சிறிய வீட்டின் சுவர்ச் செலவோடு போட்டி போடும்.

சதுர அடி விலை என்பது தனியே நின்றால் பொருளற்றது. அந்த 12,000 ரூபாவுக்குள் கதவு நிலைகள் முதிரையா வேம்பா, யன்னல் மரமா அலுமினியமா, ரைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு பெறுமதியானது, சுவருக்கு எத்தனை பூச்சு வர்ணம், குசினித் தட்டுகள் உண்டா என்பதை ஒவ்வொன்றாக எழுதுவித்து, அளவுப்பட்டியல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கூரை போட்டு முடிந்ததும் வீடு முடிந்துவிட்டது போன்ற நிறைவு ஏற்படும். ஆனால் பணத்தின் அரைவாசியளவு அதன் பின்னரே வெளியேறும். கொடுப்பனவுகளை வேலை முடிந்த கட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 சதவீதத்தைத் தடுத்துவைத்து, ஒரு மாரி கடந்து ஒழுக்கு இல்லை என்று கண்ட பின்னர் விடுவியுங்கள். நல்ல ஒப்பந்தகாரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

பதில் 2 – கோண்டாவில் மருமகள்

சகோதரிக்கு வணக்கம். செலவு பற்றி ஐயா விரிவாக எழுதிவிட்டார். வீட்டுக்குள் நாள் முழுவதும் வேலை செய்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

அம்மாவின் அறையை வடக்குப் பக்கத்தில், கிணற்றடியும் சித்தி வீட்டு வேலியும் தெரியக்கூடியவாறு வைத்தால் நல்லது. வயதானவர்களை உள் அறையில் விட்டால் அவர்கள் கட்டிலோடு ஒடுங்கி விடுகிறார்கள். வேலிக்கு அப்பால் சித்தி தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டாலே அவர்களுக்கு ஓர் ஆளோடு இருப்பது போன்ற ஆறுதல் இருக்கும். அந்த அறைக்கும் குளியலறைக்கும் இடையில் படிக்கட்டோ உயர்ந்த நிலைப்படியோ வரவேண்டாம். குளியலறைக் கதவை மூன்றடி அகலத்தில் வைத்து, உள்ளே தண்ணீர் வழிந்தோடும் சரிவைத் தரையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து மேசன்மார் குளியலறைத் தரையை இரண்டு மூன்று அங்குலம் பதித்துக் கட்டுவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிறு பள்ளத்தில்தான் வயதானவர்கள் கால் இடறி விழுகிறார்கள். பிடித்து எழும்ப உருக்குக் கைபிடி பூட்டப்போகும் இடங்களில் சுவரை வெற்றுக் கல்லாக விடாமல் கொங்கிறீற்றால் நிரப்பச் சொன்னால், பின்னர் துளையிடும்போது கல் உடையாது. விறாந்தைக்கு ஏறும் இடத்திலும் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை அமையுங்கள். இன்று அம்மாவுக்குத் தேவைப்படாவிட்டாலும் நாளை சக்கர நாற்காலி வரலாம். அரிசி மூட்டை இறக்கவும் அது உதவும்.

குசினி அக்கினி மூலையில் வருவதால் ஒழுங்கையிலிருந்து வருபவர்களுக்குச் சட்டி பானைகள் தெரியும் என்ற கவலை உங்களுக்கு வரலாம். கிழக்குச் சுவர் யன்னலை நான்கடி உயரத்துக்கு மேல் தொடங்கினால் வெளிச்சமும் வரும், மறைவும் இருக்கும், படலையில் யார் நிற்கிறார்கள் என்று சமைத்துக்கொண்டே பார்க்கவும் முடியும். உள்ளே 12க்கு 10 தாராளமாகப் போதும். ஆனால் வெளியே, குசினியின் தெற்குக் கதவை ஒட்டி, 8க்கு 8 அளவில் ஒரு விறகடுப்புக் கொட்டில் கட்டாயம் வேண்டும். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களை ஒருபுறம் விடுங்கள். தூளுக்கு மிளகாய் வறுக்கும் நாளில் அந்த நெடி வீட்டுக்குள் ஏறினால் பிள்ளைகள் இருமி இருமிச் சோர்ந்து விடுவார்கள். ஒடியற்கூழ் காய்ச்சுவதும், திவசத்துக்குப் பெரிய சட்டியில் சமைப்பதும் உள்ளே நடக்கக்கூடிய வேலைகள் அல்ல. பனஞ்சிலாகை நான்கும் தகரமும் போதும், இதற்குச் சதுர அடிக்கு 12,000 கொடுக்க வேண்டியதில்லை.

மகளுக்கு 12 வயது என்றால், படிக்கும் மேசைக்கும் அலுமாரிக்கும் இடம் குறித்துவிட்ட பின்னரே அவளது அறையின் யன்னலை எங்கு வைப்பதென்று தீர்மானியுங்கள். கட்டில், மேசை, அலுமாரி ஆகியவற்றின் அளவைக் கடதாசியில் வெட்டி வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால், 12க்கு 10 அறை சிறியது என்ற பயம் பெரும்பாலும் போய்விடும். அண்ணா குடும்பம் வரும் நாட்களில் மகன் பாட்டியோடு படுக்கட்டும், ஹோலில் பாய் விரித்தாலும் குறைவில்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அதுவே சந்தோசமாக இருக்கும்.

பதில் 3 – குடிசார் பொறியியலாளர், கிளிநொச்சி அறிவியல் நகர்

அக்காவுக்கு வணக்கம். உங்கள் விபரத்தில் எல்லாவற்றுக்கும் முன்னர் திருத்தவேண்டியது மலக்குழியின் இடம். வரைபடத்தில் அது தென்மேற்கு மூலையில் இருக்கிறது. உங்கள் கிணற்றிலிருந்து அது 90 அடிக்கு அப்பால் இருப்பதால் படம் கீறுபவர் திருப்தி அடைந்திருப்பார். ஆனால் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் அந்தக் குழிக்கும் இடையில் 25 அடியளவே இருக்கும். எல்லை வேலி மனிதருக்குத்தான், நிலத்தடி நீருக்கு இல்லை. வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளாலும் குகைகளாலும் தண்ணீர் வடிகட்டப்படாமலேயே விரைந்து ஓடும். வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் பெரும்பாலோர் குடிப்பது மழை ஊறிச் சேரும் அந்த நீரைத்தான். உரத்தாலும் மலக்குழிகளாலும் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள்.

இரண்டு கிணறுகளிலிருந்தும் 60 அடிக்குக் குறையாத ஓரிடத்தைத் தேடி உங்கள் அளவுகளை வைத்துக் கீறிப் பார்த்தேன். தெற்கு எல்லையோரமாக, ஒழுங்கையிலிருந்து ஏறத்தாழ 60 அடி உள்ளே, அப்படி ஓரிடம் வருகிறது. அதிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஏதோ ஒரு கிணறு கிட்ட வந்துவிடும். தெற்குப் பக்க அயலவரின் கிணறு எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் அளந்த பின்னரே முடிவு செய்யுங்கள். வீட்டை ஒழுங்கையிலிருந்து 25 அடி விட்டு, 34 அடி அகலமும் 37 அடி நீளமுமாக வைத்தால், குழி வீட்டின் தென்மேற்கு மூலைக்கு அருகே வரும். சாத்திரியார் சொன்னபடி குளியலறைகள் வடமேற்கிலேயே இருக்கலாம். அங்கிருந்து வீட்டின் பின்புறமாக 40 அடி நீளத்துக்கு நான்கங்குலக் குழாய் போட்டு, 40க்கு 1 என்ற சரிவில் ஓரடி இறக்கம் கொடுத்தால் தடையின்றி ஓடும். வளைவுகளில் மட்டும் திறந்து பார்க்கக்கூடிய சிறு தொட்டிகள் வையுங்கள். மலக்குழித் தாங்கியின் அடித்தளமும் சுவரும் நீர் கசியாத கொங்கிறீற்றாக இருக்கவேண்டும். அடி போடாமல் வெறும் கல் வளையத்தை இறக்கிவிட்டு அதை மலக்குழி என்று அழைக்கும் வழக்கத்தை ஏற்க வேண்டாம். தாங்கியிலிருந்து வெளிவரும் நீரை ஆழமான ஊறல் குழிக்கு விடாமல், கல் பரப்பிய ஆழமற்ற அகழியில் மண்ணின் மேற்படைக்குள் ஊறவிட்டு, அதன் மேல் வாழை வையுங்கள். இந்தப் பகுதிக்கு 3 அல்லது 4 இலட்சம் கூடினாலும் கூடட்டும். ரைல்ஸைப் பிற்காலத்தில் மாற்றலாம். கெட்டுப்போன கிணற்றை மாற்ற முடியாது.

காற்றும் வெயிலும் உங்கள் திசைகளுக்குச் சாதகமாகவே இருக்கின்றன. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், தெற்குச் சுவரில் பெரிய யன்னல்களையும் அவற்றுக்கு எதிரே வடக்குச் சுவரில் சிறிய யன்னல்களையும் வைத்து, உட்கதவுகளுக்கு மேலே காற்றுத் துவாரம் விட்டால் மின்விசிறியின் தேவை நன்றாகக் குறையும். குசினிப் புகையும் அதே காற்றோடு கிழக்கு யன்னலால் வெளியேறும். மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுவதும் வாங்கும் சுவர். வடமேற்கில் குளியலறைகள் வருவதால் அந்தப் பக்கத்து அறைகள் தப்பித்துக்கொள்ளும். தென்மேற்கில் வரும் பெரிய படுக்கையறைக்கு மேற்கே யன்னல் வேண்டாம், சுவருக்கு வெளியே கறிவேப்பிலையும் கமுகும் வைத்து நிழல் பெறுங்கள். சித்திரை நடுப்பகுதி தொடக்கம் ஆவணி வரை நண்பகல் சூரியன் எங்கள் தலைக்குச் சற்று வடக்காகவே நிற்கும். ஆகவே வடக்குச் சுவருக்கு வெயில் படாது என்று நினைத்து அந்தப் பக்கத் தாழ்வாரத்தைக் குறைக்க வேண்டாம். நாலு பக்கமும் மூன்றடி தாழ்வாரம் இருந்தால், ஐப்பசி கார்த்திகைச் சாரலுக்கும் சுவர் நனையாது.

மேல்மாடி விடயத்தில் உங்கள் அண்ணாவின் விருப்பத்தை ஓரளவு நிறைவேற்றலாம். வீடு முழுவதற்கும் கொங்கிறீற் தட்டுப் போடுவது இந்த வரவு செலவுக்குள் வராது. பகல் முழுதும் உறிஞ்சிய சூட்டை இரவில் கீழே விடும் தட்டின் கீழ் ஐந்து பேர் ஆண்டு முழுவதும் உறங்கவும் வேண்டியிருக்கும். வீட்டின் மேற்குப் பகுதியில், குளியலறைகளுக்கும் பெரிய படுக்கையறைக்கும் மேலே, ஏறத்தாழ 300 சதுர அடிக்கு மட்டும் தட்டுப் போட்டு, அந்தப் பகுதியின் அத்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு மாடிக்கு உரியவாறு கணக்கிட்டுப் போடுங்கள். படிக்கட்டு பின்னர் வெளிப்புறமாக வரட்டும். தட்டுக்கு மேல் தற்காலிகமாகத் தகரம் போட்டால் சூடு தணியும், உடுப்புக் காயப்போடவும் இடமாகும். மற்ற இடம் முழுவதும் ஓடு. தூண் கம்பிகளை வெறுமனே மேலே நீட்டி விடக்கூடாது. எங்கள் உப்புக் காற்றில் அவை சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து, துரு உள்ளிறங்கித் தூணையும் வெடிக்க வைக்கும். நீட்டிய கம்பிகளைச் சுற்றி சீமெந்து குறைந்த நலிந்த கலவையில் கொங்கிறீற் கட்டை போட்டு மூடிவிட்டால், வேண்டிய நாளில் உடைத்தெடுத்துத் தொடரலாம்.

மணலைப் பற்றியும் ஒன்று. கடற்கரையோர மணலென்றால் நன்றாகக் கழுவாமல் கம்பி வரும் வேலைக்குப் பயன்படுத்த விடாதீர்கள். உங்கள் கிணறு நல்ல தண்ணீர் என்பதால் கலவைக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. உவர் நிலத்தில் கட்டுபவர்களுக்கு இந்த வாய்ப்புக் கிடையாது.

பதில் 4 – உறுதி எழுதும் அலுவலகத்தில் பணிபுரிபவர், யாழ்ப்பாணம்

கட்டட விடயத்தில் எனக்கு அறிவில்லை. வங்கிக் கடன் என்று எழுதியிருப்பதால் மட்டும் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு எழுதப்பட்ட இரண்டரைப் பரப்பு, எல்லைகள் குறிக்கப்பட்டு நில அளவைப் படத்தோடு பிரிக்கப்பட்ட துண்டா, அல்லது பெரிய காணியில் பிரிபடாத பங்கா என்பதை உறுதியில் பாருங்கள். பிரிபடாத பங்கை ஈடாக ஏற்று வங்கிகள் கடன் தருவது அரிது. கிணற்றில் உங்களுக்கும் சித்தி வீட்டாருக்கும் உள்ள பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும் காலத்தில்தான் இதை எழுதிக்கொள்வது சுலபம். அம்மா தமக்குச் சீவிய உருத்தை, அதாவது உயிருள்ளவரை காணியை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், அவரது ஒப்பமும் ஈட்டுப் பத்திரத்தில் கேட்கப்படும். கடன் பணம் ஒரே தடவையில் கைக்கு வராது, வேலை முன்னேற்றத்தைப் பார்வையிட்ட பின் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்படும். ஆகவே அத்திவாரக் கட்டத்துக்கு உங்கள் சொந்தப் பணம் கையில் இருக்கவேண்டும். பிரதேச சபையின் அனுமதி கிடைக்கும் முன் அத்திவாரம் வெட்டினால், முடிவில் இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த படத்தின்படி கட்டப்பட்டது என்ற சான்று) பெறுவதிலும் சிக்கல் வரும்.

செம்மண்காணி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்து வளவுக் கிணற்றைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நான் அதை எழுதியதும் காணியின் அடையாளமாகத்தான். நேற்று மாலை கணவரும் நானும் அளவு நாடாவோடு போய் அளந்தோம். தெற்குப் பக்க அயலவரின் கிணறு அவரது வளவின் மறு எல்லையோரம், எங்கள் வேலியிலிருந்து 80 அடிக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே தம்பி சொன்ன இடமே பொருந்துகிறது. மேற்குப் பக்கத்து ஐயாவிடமும் விடயத்தைச் சொன்னோம். அவர் தமது கிணற்றடிக்கு எங்களைக் கூட்டிச் சென்று, மாரியில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று உட்கட்டில் படிந்திருக்கும் பச்சைக் கோட்டைக் காட்டினார். அது நிலத்திலிருந்து ஆறடியளவே கீழே இருந்தது. ஆழமான ஊறல் குழி வேண்டாம் என்று சொன்னதன் காரணம் அப்போது நன்றாகப் புரிந்தது.

நான்காவது அறையை விட்டு, 1,250 சதுர அடிக்குப் புதிய படம் கீறச் சொல்லியிருக்கிறோம். அண்ணாவோடும் பேசினேன். தட்டின் மேல் பின்னாளில் அவர் தமது செலவில் அறை எழுப்பிக்கொள்ளலாம் என்றதும் சம்மதித்துவிட்டார். உறுதியைப் பார்த்தோம். காணி பிரிக்கப்பட்ட துண்டுதான், நில அளவைப் படமும் இருக்கிறது. கிணற்றுப் பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. அம்மாவுக்குச் சீவிய உருத்து உண்டு, அவர் ஒப்பமிட ஆயத்தமாக இருக்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். சாத்திரியார் ஆவணியில் ஒரு நாளும் தையில் ஒரு நாளும் கல் வைக்கக் குறித்துத் தந்திருக்கிறார். எதைத் தெரிவுசெய்வது?

பதில் – ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுன்னாகம்

தையைத் தெரிவுசெய்யுங்கள். ஆவணியில் கல் வைத்தால், அத்திவாரம் முடிந்து சுவர் எழும்பும் வேளையில் ஐப்பசி மழை பிடித்துவிடும். வெட்டிய கிடங்குகளில் நீர் நிற்கும், செம்மண் குழைந்து அத்திவார ஓரங்கள் சரியும், மணல் லொறியும் ஒழுங்கைக்குள் இறங்காது. வேலை நின்றாலும் கடன் வட்டி நிற்காது. தையில் தொடங்கினால் ஏழெட்டு மாதங்கள் தொடர்ச்சியாக வேலை செய்து, புரட்டாதிக்கு முன் ஓடு போட்டுவிடலாம். மழைக்காலத்தில் உள்வேலைகளைச் செய்யலாம். பங்குனி, சித்திரை வெயிலில் கொங்கிறீற்றும் கல்லுக்கட்டும் விரைவில் காய்ந்து வெடிக்கும் என்பதால், குறைந்தது ஏழு நாட்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். தட்டின் மேல் சாக்கு விரித்து நனைத்தால் இன்னும் நல்லது. அது ஒப்பந்தகாரரின் வேலை என்று எழுதியிருந்தாலும், பின்னேரங்களில் நீங்களோ கணவரோ போய்ப் பாருங்கள்.

இடையில் கிடைக்கும் மாதங்களில் பிரதேச சபை அனுமதியையும், பொதுச் சுகாதார பரிசோதகரின் பார்வையிடலையும், வங்கி அலுவல்களையும் முடித்துக்கொள்ளுங்கள். முதிரை நிலைகளையும் கதவுகளையும் இப்போதே வாங்கி நிழலில் அடுக்கி வைத்தால், பொருத்தும் காலத்தில் மரம் நன்கு காய்ந்திருக்கும். அத்தோடு, புதிய வரைபடத்தில் பீலிகளையும் குறிக்கச் சொல்லுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் யாழ்ப்பாணத்து ஓராண்டு மழை ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் விழும். அதை ஒழுங்கைக்கு வழியவிடாமல், கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளி, கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழியில் ஊறவிட்டால், உங்கள் கிணற்றுக்கும் சித்தி வீட்டாருக்கும் அந்த நீர் வந்து சேரும். பீலியும் குழாயும் இப்போதே திட்டத்தில் இருந்தால் செலவு சிறியது, ஓடு போட்ட பின்னர் தாழ்வாரத்தைக் கழற்றிப் பூட்டுவதென்றால் கூலியே அதிகமாகிவிடும்.